முனி ஓட்டத்தில் நான் எழுதிய அறிக்கை

நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். எனக்கு முன்னால் பேசியவர், நகர நிர்வாகத்தில் ஆன்மிக விழுமியங்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், பின்னால் உயர உயரமான கட்டிடங்கள். ஐம்பது ஆண்டுத் தொலைநோக்கு வேண்டும் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டீர்கள். என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பிரியாணி வாசனைக்கு எதிராக யார் பேச முடியும்? நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் பார்த்தபோது அது ரொம்ப அமைதியான காரியம் போல இருந்தது. எனக்கு அப்படி வாய்க்கவில்லை. நம் வேலையில் ஆன்மிகம் என்று ஒன்று உண்டென்றால், அது எனக்குப் பயமாகத்தான் வந்தது.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். கவுன்சிலருக்குப் பயம், தணிக்கைக்குப் பயம், மேஜை மேல் பல்லி விழுந்தால் பயம். முப்பது வருஷத்துக்கு மேல் கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மனைப்பிரிவுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதியிருக்கிறேன். அத்தனை வருஷமும் பயந்துகொண்டேதான் எழுதினேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இருந்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு மனைப்பிரிவுக் கோப்பு வந்தது. ஊருக்குக் கிழக்கே, புதூர் போகிற பக்கம், ஐம்பது மனைகள். நல்ல பங்குனி வெயிலில் போய்ப் பார்த்தேன். கரிசல் பூமி வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் முழங்கை வரை கை போகும். வருவாய்த் துறை வரைபடத்தில் நிலத்தின் நடுவே ஓர் ஓடைக்கு மெல்லியதாக இரண்டு கோடு போட்டிருந்தது. தரையில் அப்படி ஒன்றையும் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உழுது சமமாகக் கிடந்தது. மூன்று வருஷமாக மழை பொய்த்துப்போயிருந்தது. ஓரத்தில் ஓர் உடைமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று.

பத்து நிமிஷம் நின்றிருப்பேன். தலை சுற்றியது. அலுவலகத்துக்கு வந்து மோர் குடித்துவிட்டு, "புலத்தில் ஓடை ஏதும் தென்படவில்லை" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பார்த்தேன், தெரியவில்லை, எழுதினேன். அந்த வரியை வைத்து அனுமதி கிடைத்தது. கல் ஊன்றினார்கள், மனைகள் விற்றன. ஆவணிக்குள் மூன்று வீடுகள் எழும்பிக் குடியும் வந்துவிட்டார்கள்.

புரட்டாசி மாதம் முடியப் போகிற நேரத்தில் பேச்சியம்மாள் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆடு மேய்க்கிறவள். தொரட்டிக் கம்பை வாசலில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"உடைமரத்துப் பக்கத்து மனையெல்லாம் பாத்து எழுதுன மேடம் நீங்கதானா?"

"ஆமா. என்ன வேணும்?"

"எம் மக முத்துமாரி அங்கன ஒரு மனை வாங்கியிருக்கா. மாப்பிள்ளை கேரளாவுல பேக்கரி வேலையில இருக்காவ. வாடகை வீட்டக் காலி பண்ணிட்டு, சின்னப் பிள்ளையோட அங்கனயே தகரக் கொட்டகை போட்டு இருந்துக்கிட்டு, வீட்டுக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டுதா. நான் வேண்டாம்னு சொல்லுதேன். கேக்க மாட்டேங்கா."

"ஏன் வேண்டாங்கறீங்க?"

"அது முனி ஓட்டம் மேடம். மழக்காலத்துல முனியசாமி நடந்து போற தடம். எங்க ஆளுக அங்கன ஆட்டுக் கிடை போட மாட்டாவ. பகல்ல மேய்க்கலாம், ராத்திரி அடைக்கக் கூடாது. எங்க மாமனார் சொன்னது, அவிய அய்யா அவியளுக்குச் சொன்னது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அரசாங்க அலுவலகத்தில் முனியைப் பற்றி மனு வாங்க முடியாது என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"மக என்ன சொல்லுதான்னா, ஆபீசரே வந்து பாத்து எழுதியிருக்காவ, ஒனக்குத் தெரிஞ்சது அவியளுக்குத் தெரியாதாங்கா. அதுவும் சரிதான? அதான் ஒங்ககிட்டயே கேட்டுட்டுப் போயிருவோம்னு வந்தேன். அங்கன தண்ணி வராதுல்ல?"

"ஓடை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"எழுதுனது இருக்கட்டும். ஒரு நட வாங்க மேடம். சாமி முன்னால சூடத்த அணைச்சு, இங்கன தண்ணி வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் அதுக்கப்புறம் வாயே தொறக்கல."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆடு காணாமல் போனால், எல்லைக்கல் நகர்ந்தால், போலீசுக்குப் போவதற்கு முன்னால் இதைத்தான் செய்வார்கள். பொய்யாக அணைத்தால் அது பிள்ளைகள் தலையில் விடியும் என்று நம்பிக்கை. நான் படித்தவள், அரசு அலுவலர், எனக்கென்ன என்ற வீம்பில் மறுநாள் காலையிலேயே போனேன். ஒரு நிமிஷ வேலை, பேச்சியம்மாளுக்கும் நிம்மதி என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் உடைமரத்தடி மஞ்சள் கல்லுக்கு முன்னால், உடைந்த ஓட்டுத் துண்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். முத்துமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வானம் தோண்டிக்கொண்டிருந்த கொத்தனார் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நான் கையை நீட்டினேன்.

கை இறங்கவில்லை.

அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். முதலில் சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் மகன் முகம் வந்தது. அடுத்து அந்த வரைபடத்தின் இரண்டு கோடு வந்தது. பங்குனியில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இது என்னவாக இருக்கும் என்று ஒரு கணம் நெருடியதும், வெயிலுக்குப் பயந்து அந்த நெருடலை அங்கேயே விட்டுவிட்டு வந்ததும் ஞாபகம் வந்தது. ஓடை இல்லை என்று கோப்பில் எழுதும்போது என் கை நடுங்கவில்லை. இங்கே நாலு பேருக்கு முன்னால் சொல்லச் சொன்னால் உடம்பெல்லாம் வேர்க்கிறது. சூடம் தானாகவே எரிந்து அணைந்தது.

"சரி மேடம்" என்றாள் பேச்சியம்மாள். அவ்வளவுதான்.

முத்துமாரிதான் கேட்டாள். "அப்பம் பேப்பர்ல மட்டும் எப்படி எழுதுனீக?"

இங்கிருந்து கிளம்பி அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று அவளிடம் சொன்னேன்.

"எப்படி மேடம் போறது? இருந்ததெல்லாம் இதுல போட்டாச்சு. வெறுங்கையோட போயி நின்னா மனை வித்தவரு வெரட்டி விட்டுருவாரு. நீங்க எழுதுனது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுங்க. அதக் கையில வாங்குன அன்னைக்கு நான் வெளிய வாரேன்."

நியாயமான பேச்சு. அன்றைக்குச் சாயங்காலமே எழுதினேன். என் அறிக்கை தவறு, அங்கே நீர்வழி இருக்கிறது, அனுமதியை நிறுத்த வேண்டும், குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்று ஆணையருக்கு ஒரு பக்கக் குறிப்பு. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். தலைமை எழுத்தரிடம் காட்டினேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர்.

"அக்கா, இதக் குடுத்தா முதல்ல ஒங்களுக்குத்தான் குற்றக் குறிப்பாணை வரும். இன்னும் மூணு வருஷம். பென்ஷன்ல கை வைப்பாவ. மூணு வருஷமா பெய்யாத மழை இப்பந்தான் பெய்யப் போகுதா? கொஞ்சம் பொறுங்க."

குறிப்பை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். மகனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று பதினோரு நாள் அது என் பைக்குள்ளேயே இருந்தது.

நாலாம் நாள் மழை பிடித்தது. ஊரே கொண்டாடியது. டீக்கடையில் இருந்தவர்கள் ரோட்டில் இறங்கி நனைந்தார்கள். நான் பயந்துகொண்டே மனைப்பிரிவுக்குப் போனேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்கவில்லை. பெய்ததையெல்லாம் பூமி குடித்துவிட்டது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஓடையும் இல்லை ஒன்றும் இல்லை, வீணாகப் பயந்தோம் என்று முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கரிசலில் இரண்டு தலைமுறை உழுத வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை. முதல் மழையெல்லாம் வெடிப்புக்குள் போகும். மண் ஊறி உப்பி, வெடிப்பு மூடும். மூடிய பிறகு அதே மண் தண்ணீரை உள்ளே விடாது. அதற்கப்புறம் பெய்கிற மழை அப்படியே மேலோடு ஓடிவரும். அதனால் முதல் மழையில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல.

இரண்டாம் முறை போனபோது குடையை ஒரு வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தேன். பாதிக் குடை இறங்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு சாண். அதற்கடுத்து நாலு விரல். தினமும் அலுவலகம் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் குடையால் மண்ணைக் குத்திப் பார்க்கிற பொம்பளையை, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. குறிப்பு பைக்குள் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வலை கட்டி ஆட்டுக் கிடை போட்டிருந்ததைப் பார்த்தேன். எதை அவர்கள் பரம்பரையாகச் செய்ய மாட்டார்களோ அதைப் பேச்சியம்மாள் செய்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"மக வரமாட்டேங்கா. பேத்தியும் இங்கன கிடக்கு. நான் மட்டும் வீட்டுல எப்படிக் கண்ணடைக்க? தண்ணி வந்தா நமக்கு முன்னால ஆட்டுக்குத் தெரியும், சத்தம் குடுக்கும். சாமிகிட்ட மாப்புக் கேட்டுட்டுத்தான் அடைச்சிருக்கேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள், "பேப்பர் எப்பம் மேடம் வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். அதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பதினோராம் நாள் காலையில் குடை நுனி மண்ணுக்குள் போகவே இல்லை. எல்லா வெடிப்பும் மூடியிருந்தது. வானம் வெளுத்து வெயில் அடித்தது. வடக்கே மட்டும் கறுத்திருந்தது. ஓடை வருகிற திசை அதுதான். நான் ஸ்கூட்டியைத் திருப்பி நேராக ஆணையர் அறைக்குப் போனேன்.

இளைஞர், வெளியூர்க்காரர். குறிப்பை இரண்டு தடவை படித்தார். "மேடம், தவறுன்னு எழுதியிருக்கீங்க. மறு ஆய்வு தேவைன்னு மாத்தி எழுதினா உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் பிரச்சினை இல்லை."

அது ரொம்ப இதமான வழி. என் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. "மறு ஆய்வுன்னா ரெண்டு வாரம் ஆகும் சார். இன்னைக்கே தண்ணி வந்துரும். அங்கே குழந்தைங்க இருக்கு. தப்புன்னே இருக்கட்டும்" என்றேன். அவர் குறிப்பின் கீழேயே உத்தரவு எழுதி, பிரதி எடுத்துத் தந்து, நகராட்சி லாரியையும் அனுப்பினார். அந்தப் பையனை நான் மறக்க மாட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தெம்பிருக்காது. தொலைநோக்கு என்று நாம் வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டுக் கேட்கிறோம். அந்த நிலத்துக்கு நூறு வருஷத் தொலைநோக்கு ஏற்கெனவே இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் அதை இரண்டு கோடாகப் போட்டு வைத்திருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் சாமி நடக்கிற தடம் என்று சொல்லி, அங்கே ஆடு அடைக்காமல் காத்தார்கள். நான் இரண்டையும் தள்ளிவிட்டுப் பத்து நிமிஷம் பார்த்த என் கண்ணை நம்பினேன். அதனால் கோடையில் பார்த்த நிலத்தைக் கார்த்திகையில் இன்னொரு முறை பார்க்காமல் எழுதாதீர்கள். எழுதப் போகிற வரியை, அங்கே குடியிருக்கப் போகிறவள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று உங்களையே கேளுங்கள். சாமி கும்பிடுகிறவர்களோ கும்பிடாதவர்களோ, கை நடுங்கினால் எழுதாதீர்கள். எழுதிவிட்டுத் தப்பு என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள்.

லாரி போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. முத்துமாரி உத்தரவை வாங்கி, படிக்காமல் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சாமான்களை ஏற்றினாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பேச்சியம்மாள் பெரிய ஆடுகளை மேட்டுப் பக்கம் மேய்க்கப் போயிருந்தாள். பாலுண்ணும் குட்டிகளைக் கூட்டிப்போக முடியாதல்லவா, அவற்றைக் கிடையிலேயே பெரிய கூடைகளைக் கவிழ்த்து உள்ளே அடைத்திருந்தாள். இருபதுக்கு மேல் இருக்கும். லாரியில் இடமில்லை. ஆட்களை மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அடுத்த நடையில் குட்டிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று டிரைவர் சொன்னார். நானும் சரி என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பாத்திரத்தை இறக்கும்போது சத்தம் கேட்டது. ரயில் வருகிறதோ என்று நினைத்தேன். அந்தப் பக்கம் தண்டவாளம் கிடையாது. மேட்டிலிருந்து பார்த்தால் மனைப்பிரிவு தெரியும். வரைபடத்தில் இருந்த அதே இரண்டு கோட்டுக்கு நடுவே, அதே அகலத்தில், கறுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உடைமரத்தை ஒட்டித் திரும்பி, வானம் தோண்டிய குழிகளை நிரப்பி, தகரக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது. டிரைவர் லாரியை எடுக்கப் போனார், பிறகு எடுக்கவில்லை. கூடைகள் மிதந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். குழந்தை மட்டும் "அம்மா, குட்டி! அம்மா, குட்டி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது பேச்சியம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தண்ணீரைப் பார்த்திருக்கிறாள், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளையும் பேத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஆள் இருக்கோம்லா, அது போதும்" என்றாள். தாய் ஆடுகள் குட்டிகளைத் தேடி வராந்தாவில் ஏறிக் கத்தத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் முத்துமாரி அந்தக் காகிதத்தை எடுத்து விரித்துப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியில் விரலை வைத்தாள்.

"இது சூடம் கொளுத்துன தேதில்லா. அன்னைக்கே எழுதிட்டீகளா மேடம்?"

"ஆமா."

"அம்மா கிடை போடுததுக்கு முன்னாலயே."

"ஆமா முத்துமாரி."

அவள் காகிதத்தை மறுபடி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பின்னால் குறிப்பாணை வந்தது, சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அந்தப் பாதை முழுவதும் திறந்தவெளி என்று ஆணை வந்தது, முத்துமாரிக்கு வேறு இடத்தில் மனையும் கிடைத்தது. அதெல்லாம் கோப்பில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் படியுங்கள்.

கோப்பில் இல்லாதது இதுதான். பேச்சியம்மாள் ஓர் ஆட்டின் பின்னால் குந்தி உட்கார்ந்து, அதன் பால்மடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு ஒண்ணாப் பிடிங்க மேடம். குடிக்க குட்டி இல்லல்லா. பாலு கட்டிக்கிட்டா அதுகளுக்கு வலிக்கும்."

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாலை ஈர மண்ணிலேயே பீய்ச்சிவிட்டாள். அது முடிந்ததும் அடுத்த ஆட்டைப் பிடிக்கச் சொன்னாள். இருபதுக்கு மேல் இருந்தன, எல்லாவற்றையும் நான்தான் பிடித்தேன்.